புதுப்பிப்பு: ஏற்றத்தில் எஞ்சின் விசை திடீரெனக் குறைந்ததன் காரணம்

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்திய என் டீசல் கார் ஏற்றத்தில் செல்லும்போது திடீரென இழுவிசையை இழப்பதாகவும், எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினால் சிறிது நேரம் சரியாக ஓடுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். டீசல் ஃபில்டரை மாற்றும்படி பலரும், டர்போவையே மாற்றும்படி சிலரும் கூறியிருந்தீர்கள். ஃபில்டரை மாற்றியும் பயனில்லை.

எஞ்சின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக்குறியீடு பதிவாகியிருந்தது. டர்போ தரும் காற்றழுத்தம் தேவையான அளவை எட்டவில்லை என்பதே அதன் பொருள். டர்போ பழுதாகிவிட்டது என்பதன்று. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குறியீட்டை மட்டும் நம்பினால் நல்ல டர்போவைக் கழற்றி எறிய நேரிடும். ஓடும்போதே அளவீடுகளைப் பதிவு செய்ததில், எஞ்சின் கணினி 210 கிலோபாஸ்கல் கேட்ட இடத்தில் 140 மட்டுமே கிடைத்ததும், அதன் பிறகே எஞ்சினைக் காப்பதற்காகக் கணினி விசையைக் குறைத்ததும் தெளிவாயின.

அடுத்து, காற்றுப்பாதையை அடைத்துப் புகையை அழுத்தத்துடன் செலுத்திச் சோதித்தபோது, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி ஒரு விரிசல் தெரிந்தது. கார் நின்ற நிலையில் எஞ்சின் சும்மா ஓடும்போது அது மூடிக்கொள்வதாலும், பாரம் ஏறி அழுத்தம் கூடும்போது மட்டுமே விரிவதாலும், வெறும் பார்வைக்கு அது அகப்படவில்லை. குழாயையும் கிளாம்ப்பையும் மாற்றிய பின், அதே ஏற்றத்தில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளன. டர்போவின் அச்சில் தேய்மானத்தைக் காட்டும் ஆட்டம் உள்ளதா என்றும் பார்த்தோம்; இல்லை.