சனிக்கிழமை பனிச்சரிவு ஆபத்து 'ஹை' என்கிறார்கள், ரெவல்ஸ்டோக் ஸ்னோமொபைல் கூடலை நடத்துவதா வேண்டாமா?

ஸ்லெட்ராசா:
வணக்கம் மக்களே. வாட்ஸப் குழுவில் நேற்று இரவு முழுக்க ஒரே சண்டை, யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை, அதனால் இங்கே தனி இழையாகப் போடுகிறேன். தெரியாதவர்களுக்காக: கல்கரி, எட்மண்டன், ரெட் டியர் ஆட்கள் நாற்பது பேர் வரை சேர்ந்து ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்ட வெள்ளி இரவு ரெவல்ஸ்டோக் போய் இறங்குகிறோம். சனிக்கிழமை போல்டர் மலை, ஞாயிறு ஃப்ரிஸ்பி முகடு. அறைக்குக் கட்டிய பணம் திரும்பாது. இப்போது பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா அறிக்கையில் சனிக்கிழமைக்கு ஆல்பைன் (மரமில்லாத மேல்பகுதி) 'ஹை', மரங்கள் முடியும் எல்லையை ஒட்டிய பகுதி 'ஹை', அதற்குக் கீழே 'கன்சிடரபிள்'. வியாழன் தொடங்கி வெள்ளி இரவு வரை அரை மீட்டர் பனி, தென்மேற்கிலிருந்து பலத்த காற்று, சனி காலையில் மேகம் கலைந்து வெயில். இதைப் பார்த்தவுடன் ரத்து செய், ரத்து செய் என்று இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள்.

என் கருத்து, நடத்துவோம். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். எல்லாரிடமும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் கம்பி), ஷவல் இருக்கிறது, பாதிப் பேரிடம் பனிக்கு மேலே மிதக்க உதவும் ஏர்பேக் பையும் உண்டு. நாம் ரத்து செய்தாலும் பலர் இரண்டு பேர், மூன்று பேராகத் தனித்தனியே வரத்தான் போகிறார்கள். கூட்டமாக இருந்தால் தோண்டுவதற்காவது ஆள் இருக்கும்.

பனிக்காடன்:
ரத்து செய் என்ற இரண்டு பேரில் ஒருவன் நான்தான், ஒளிவுமறைவு இல்லை. ராசா, நீங்கள் சனிக்கிழமைக்கு எழுதியிருக்கும் இதே மலையில் என்ன நடந்தது என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியுமா? 2010 மார்ச் 13, அதுவும் சனிக்கிழமை, பிற்பகல். பிக் அயர்ன் ஷூட்அவுட் என்று ஒரு கூடல், போல்டர் மலையில் ஒரு சரிவின் அடியில் சுமார் 200 பேர் வண்டிகளோடு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், சிலர் யார் அதிக உயரம் தொடுவது என்று மேலே ஏறி ஏறித் திரும்புகிறார்கள். சரிவு அப்படியே உடைந்து கூட்டத்தின் மேல் இறங்கியது. இரண்டு பேர் செத்தார்கள், இருவருமே ஆல்பர்ட்டாக்காரர்கள். காயம் சுமார் 30 பேருக்கு. பனிச்சரிவு மையம், அதாவது இன்றைய அவலாஞ்ச் கனடா, அந்த வார இறுதிக்கு முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்த மையத்தின் தலைமை அலுவலகம் வேறெங்கும் இல்லை, அதே ரெவல்ஸ்டோக்கில்தான் இருக்கிறது, எச்சரிக்கை காதில் விழாத தூரம் என்று சொல்லவும் வழியில்லை.

புயல் முடிந்து வெயில் அடித்த சனிக்கிழமை, கூட்டம், மேலே ஏறும் வண்டி, கீழே வேடிக்கை. உங்கள் திட்டத்தில் இதில் எது இல்லை?

ஸ்லெட்ராசா:
அண்ணே, அந்தக் கதை எனக்கும் தெரியும், நீங்கள் பாதியைச் சொல்கிறீர்கள். 200 பேர் நின்ற இடத்தில் அவ்வளவு பெரிய பனிச்சரிவு வந்தும் இறந்தது இரண்டு பேர்தான், ஏன்? பக்கத்தில் நின்றவர்கள் பலரை உடனே தோண்டி எடுத்தார்கள். அதே பனிச்சரிவு தனியாகப் போன நாலு பேர் மேல் விழுந்திருந்தால் நாலும் போயிருக்கும். கூட்டம்தான் காப்பாற்றியது. அப்புறம் இந்த 'ஹை' விஷயம், குளிர்காலத்தில் பாதி நாள் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். தங்கள் பக்கம் தப்பு வரக்கூடாது என்று அவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள்.

பனிக்காடன்:
கூட்டம் காப்பாற்றியது சரி. யாரைக் காப்பாற்றியது? அங்கே நின்ற கூட்டத்தை. அவர்கள் அந்த அடிவாரத்தில் நிற்காமல் இருந்திருந்தால் மேலே இருந்த சில பேரோடு போயிருக்கும், 30 பேருக்குக் காயம் எங்கிருந்து வரும்? இன்னொன்றையும் கேளுங்கள். அன்று யார் யார் மலையில் இருந்தார்கள் என்று எந்தப் பட்டியலும் கிடையாது. பனிக்கு அடியில் எத்தனை பேர் என்று தெரியாமல் போலீஸ்காரர்கள் ஊருக்குள் ஹோட்டல் ஹோட்டலாகப் போய் அறை எடுத்தவன் திரும்பினானா என்று விசாரித்தார்கள், வண்டி நிறுத்துமிடத்தில் எடுக்காமல் நிற்கும் ட்ரக்குகளைப் பார்த்தார்கள். கூட்டம் பாதுகாப்பு என்றால் குறைந்தது அந்தக் கூட்டத்தை எண்ணவாவது தெரிந்திருக்க வேண்டும். நம் நாற்பது பேருக்குப் பட்டியல் இருக்கிறதா? "வரலாம் போல இருக்கு" என்று எழுதிய பத்துப் பேர் கணக்கில் உண்டா இல்லையா?

வன்னிப்பெடியன்:
ராசா அண்ணை, 'ஹை' பாதி நாள் போடுவது இல்லை. ஐந்து படி இருக்கு, லோ, மாடரேட், கன்சிடரபிள், ஹை, எக்ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது மாடரேட்டும் கன்சிடரபிளும். ஹை என்றால் பனி தானாகவே இறங்க வாய்ப்பு அதிகம், ஆள் போனால் இறங்குவது கிட்டத்தட்ட உறுதி, அந்த நிலத்துக்குப் போகாதே என்று நேரடியாகவே எழுதியிருப்பார்கள். உண்மையில் அதிகம் பேர் சாகிறது கன்சிடரபிள் நாளில், ஏனென்றால் அன்றைக்குத்தான் ஆட்கள் துணிந்து போவார்கள். ஹை போட்ட நாளில் புத்தியுள்ளவன் வீட்டில் நிற்பான்.

நான் இரண்டு நாள் ஏஎஸ்டி ஒன்று என்ற பனிச்சரிவுப் பாதுகாப்புப் படிப்பு எடுத்தனான், அதில் மண்டையில் ஏறினது ஒன்றைச் சொல்லுறன். அரை மீட்டர் பனி என்பது சமதரையில் அளந்த கணக்கு. தென்மேற்குக் காற்று அடிச்சால் அந்தப் பனியைக் காற்று அடிக்கிற பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு போய் வடகிழக்கு முகத்தில் குவிக்கும், வானத்திலிருந்து விழும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக. அதனால் பார்க்கிங்கில் அரை மீட்டர் என்றால் முகட்டுக்கு அந்தப் பக்கம் அதைவிட எவ்வளவோ கூட இருக்கும், அதுவும் இறுகின பலகையாக. அந்தப் பலகைக்குக் கீழே என்ன கிடக்கு என்பதுதான் கேள்வி.

நெல்லை2கல்கரி:
நான் போன வருஷம்தான் வண்டி வாங்கினேன், அதனால் சின்னக் கேள்வி. நாற்பது எஞ்சின் ஒரே நேரத்தில் அலறினால் அந்தச் சத்தத்திலேயே பனி இறங்கிவிடாதா? சினிமாவில் கத்தினாலே இறங்குகிறதே. அப்புறம் கீழே என்ன கிடக்கு என்றால் என்ன அர்த்தம், பனிக்குக் கீழே பனிதானே?

வன்னிப்பெடியன்:
சத்தத்தால் இறங்காது, அது சும்மா கதை. இறங்குவது பாரத்தால். வண்டி மட்டும் 200 கிலோவுக்கு மேல், அதோடு நீங்கள், அதோடு ட்ராக் (வண்டியின் அடிப்பட்டை) அடிக்கிற அடி.

பனிக்குக் கீழே பனிதான், ஆனால் எல்லாம் ஒரே பனி இல்லை. மேகமில்லாத, காற்றில்லாத குளிர் இரவில் பனியின் மேல் மெல்லிய பளபளப்பான இதழ்கள் முளைக்கும், சர்ஃபேஸ் ஹோர் என்பார்கள். காலை வெயிலில் பார்க்க அவ்வளவு வடிவு. அது அழியாமல் இருக்க அதன் மேல் அடுத்த புயல் வந்து மூடிவிட்டால் ஆபத்து உள்ளே போய்விட்டது. நிறுத்தி வைத்த சீட்டுகளின் மேல் கனமான பலகையை வைத்த மாதிரி, ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாயும். புதுப்பனி மட்டும் என்றால் ஓரிரண்டு நாளில் கொஞ்சம் படிந்து இறுகும். இந்தப் படை (அடுக்கு) உள்ளே இருந்தால் வாரக்கணக்கில் அப்படியே காத்துக்கிடக்கும். நடக்கும்போது காலடியில் "தொப்" என்று ஒரு சத்தம் வந்து சுற்றிலும் பனி ஒரு விரல் அளவு அமுங்குவதை உணர்ந்திருக்கிறீர்களா? வண்டியின் ஸ்கீ முனையிலிருந்து ஒரு கோடு பிளந்து ஓடும். அதைக் கண்டால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான், வேறு யோசனை வேண்டாம்.

இன்னும் மோசமானது, இப்படிப் படை இருந்தால் சரிவின் மேல் ஏறத் தேவையே இல்லை. அடியில் சமதரையில் நிற்கிறவனின் பாரத்திலேயே உடைப்பு மேலே ஓடி, மேலிருந்து அவன் தலையிலேயே இறங்கும். வேடிக்கை பார்க்கிற கூட்டம் பத்திரம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கோ.

ஸ்லெட்ராசா:
தம்பி, படிப்பு நல்ல விஷயம்தான், மதிக்கிறேன். ஆனால் புத்தகத்தில் இருக்கிறபடி பார்த்தால் மலைக்கே போக முடியாது. இருபது வருஷமாக ஓட்டுகிற ஆட்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களுக்கு மலை தெரியும். பீக்கன் எதற்கு வாங்கினோம், ஏர்பேக்குக்கு ஆயிரக்கணக்கில் எதற்குக் கொட்டினோம்?

பனிக்காடன்:
2008 டிசம்பர் 28, ஃபெர்னி பக்கம் ஹார்வி பாஸ். ஸ்பார்வுட் ஊர்க்காரர்கள் பதினோரு பேர். மலை தெரியாதவர்கள் இல்லை, சொந்த ஊர்ப் பையன்கள். முதல் பனிச்சரிவில் ஒரு குழு புதைந்தது, மற்றவர்கள் ஓடிப் போய்த் தோண்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது இறங்கியது. எட்டுப் பேர் திரும்பவில்லை. நீங்கள் சொல்கிற "தோண்டுவதற்கு ஆள்" இருந்தார்கள், ராசா. தோண்டப் போனவர்கள்தான் அடுத்துப் புதைந்தார்கள். 2016 ஜனவரியில் மெக்பிரைட் பக்கம் ரென்ஷாவில் ஐந்து பேர், ஒரே நாளில், அங்கேயும் ஒரு குழு அல்ல, பல குழுக்கள் ஒரே இடத்தில். கூட்டம் கூட்டம் என்கிறீர்களே, கூட்டம் வந்தால் யாரும் யோசிப்பதில்லை, முன்னால் போனவன் போகிறான் என்று பின்னால் போகிறோம். அனுபவம் என்றால், இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பதில் எத்தனை முறை சரியாக முடிவெடுத்தோம், எத்தனை முறை சும்மா தப்பினோம் என்று யாருக்குத் தெரியும்? மலை நமக்கு மார்க் போட்டுக் கொடுப்பதில்லை.

எட்மண்டன்_அக்கா:
நான் ஓட்டுவதில்லை, என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், அதனால் படித்துக்கொண்டே இருந்தேன். நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஏர்பேக் நல்லதுதான், மேலே மிதக்க உதவும், ஆனால் மரத்தில் மோதினால், பாறையில் மோதினால், வண்டி மேலே விழுந்தால் அது என்ன செய்யும்? புதைந்தவரை முதல் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்தால் பிழைப்பவர்கள் அதிகம், அதற்கப்புறம் விறுவிறு என்று குறைகிறது, அரை மணி தாண்டினால் பெரும்பாலும் போய்விடும். விட்ட மூச்சையே திரும்ப இழுத்து மூச்சு முட்டுகிறது. ஹெலிகாப்டர் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வரப்போவதில்லை. ஷவலைப் பலர் வண்டியின் டனலில் (இருக்கைக்குப் பின்னால் உள்ள தகட்டில்) கட்டி வைத்திருப்பதைப் படத்தில் பார்க்கிறேன். வண்டி புதைந்தால் ஷவலும் புதையுமே, முதுகுப் பையில் வைத்தால் என்ன? இவர் கேட்கமாட்டேன் என்கிறார், இங்கேயாவது யாராவது சொல்லுங்கள்.

வன்னிப்பெடியன்:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. முதுகில்தான் இருக்க வேண்டும், அவருக்கு இதைக் காட்டுங்கோ.

கூட்டத்தில் பீக்கன் எப்படிக் குழப்பும் என்றும் சொல்லியாக வேண்டும், ராசா அண்ணை இதை யோசிக்கவில்லை என்று நினைக்கிறன். நாற்பது பீக்கனும் சமிக்ஞை அனுப்பும் நிலையில் இருக்கும். ஒருவர் புதைந்தால் மேலே நிற்கிற முப்பத்தொன்பது பேரும் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். பதற்றத்தில் ஒருவர் மறந்தால் போதும், எல்லாருடைய அம்புக்குறியும் நின்றுகொண்டிருக்கிற அவரைக் காட்டும். எஞ்சின் அணைக்க வேண்டும், கைபேசி, சூடேறும் கையுறை, சூடேறும் ஜாக்கெட் எல்லாம் அணைக்க வேண்டும், அவை சமிக்ஞையைக் கெடுக்கும். அனுப்பும்போது கைபேசி 20 சென்டிமீட்டராவது தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி. நாற்பது பேரை இப்படி ஒழுங்காக நிறுத்தக் கத்த ஒரு ஆள் வேண்டும், அவர் யார் என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஆறு பேர் குழுவுக்கு நாற்பது பேரைவிட வேலை சுலபம்.

நெல்லை2கல்கரி:
படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. வண்டி மாட்டிக்கொண்டால் மேலே போய் இழுத்து விடுவதுதானே நம் வழக்கம், அதுவும் தப்பா?

பனிக்காடன்:
செங்குத்துச் சரிவில் தப்புதான். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்தான் ஏற வேண்டும், ஏனென்றால் 30லிருந்து 45 டிகிரி வரை உள்ள சரிவுகள்தான் பெரும்பாலும் இறங்குகின்றன. ஒருவன் மாட்டினால் அவனே தோண்டி எடுத்துக்கொண்டு இறங்கட்டும். உதவிக்கு இன்னொருவன் ஏறினால் பாரம் இரண்டு மடங்கு, புதைந்தால் தேட வேண்டியவர்களும் இரண்டு பேர். மற்றவர்கள் பனி ஓடி வந்து நிற்கும் தூரத்துக்கு வெளியே, வண்டி முகம் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஆனால் தம்பி, இதெல்லாம் நல்ல நாளுக்கான விதி. ஹை நாளில் அந்தச் சரிவுக்கே வேலை இல்லை.

ஸ்லெட்ராசா:
சரி, எல்லாரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். நான் யாரையும் சாகடிக்கக் கூப்பிடவில்லை. ரத்து செய்யமாட்டேன், அதில் மாற்றமில்லை, ஏனென்றால் ரத்து செய்தால் அந்த "வரலாம் போல" ஆட்கள் யாரிடமும் சொல்லாமல் நேராக மேலே போவார்கள், அதை யாராலும் தடுக்க முடியாது, பனிக்காடன் அண்ணே உட்பட. கூப்பிட்டுக் கையில் வைத்திருப்பது மேல். சனிக்கிழமை திறந்த பௌல் (கிண்ணம் போன்ற மலைச்சரிவு) பக்கம் போவதில்லை, யார் அதிக உயரம் தொடுவது என்ற ஹைமார்க்கிங் இல்லை. மரங்களுக்குள்ளே 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் மேடுகள், மேலே பெரிய சரிவு எதுவும் தொங்காத இடம் எது என்று அங்கே உள்ள ஸ்னோமொபைல் க்ளப் ஆட்களைக் கேட்டு அதில் மட்டும் ஓட்டுவோம். ஞாயிறு என்ன என்பது சனிக்கிழமை மாலை நான்கு மணி அறிக்கை பார்த்துத்தான். ஆறு ஆறு பேராகப் பிரிப்போம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். பேர் கொடுக்காதவருக்கு வண்டியை இறக்க இடமில்லை. போதுமா?

பனிக்காடன்:
போதாது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெயில் அடித்து மேலே யாரும் தொடாத வெள்ளைச் சரிவு பளிச்சென்று தெரியும்போது, பக்கத்தில் வேறு ஊர்க்காரர்கள் நாலு பேர் அதில் வண்டி ஓட்டிக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் ஆறு பேரில் ஒருவன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் கோடு போட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்பான். முதல் பத்துக் கோடு பிடித்த சரிவு பதினொன்றாவதில் உடைந்ததும் உண்டு, பலகை மெல்லியதாக இருக்கும் புள்ளியை அவன்தான் தொட்டிருப்பான். நான் வரவில்லை. என் அறையை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம்.

எட்மண்டன்_அக்கா:
ராசா தம்பி, வீட்டுக்காரரிடம் கேட்டேன், வருவேன் என்கிறார். அவர் குழுத் தலைவர் யார் என்று பேர் சொல்லுங்கள், அவர் நம்பர் எனக்கு வேண்டும். மலையில் சிக்னல் இருக்காது என்பதால் சாட்டிலைட் கருவி யாரிடம் இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

ஸ்லெட்ராசா:
அக்கா, மூன்று பேரிடம் இருக்கிறது, பட்டியல் இன்றிரவு போடுகிறேன். சனி காலை எட்டு மணிக்குப் பார்க்கிங்கில் பீக்கன் சோதனை, ஒவ்வொருவராக வன்னி முன்னால் நடந்து போக வேண்டும், பேட்டரி பாதிக்குக் கீழே என்றால் புதுசு மாற்றிவிட்டுத்தான் வண்டி. வன்னி, நீ வருகிறாய்தானே?

வன்னிப்பெடியன்:
வெள்ளி மாலை அறிக்கை 'எக்ஸ்ட்ரீம்' ஆகாவிட்டால் வருவேன், ஆனால் பீக்கனைப் பைக்குள்ளே போட்டுக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்கு வேண்டும். உடம்போடு கட்டியிருக்க வேண்டும், ஜாக்கெட்டுக்குக் கீழே. இருபது வருஷ ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.