லெஸ், லெஸர், ஃப்யூயர்: க்ளையன்ட் மெயிலில் எது சரி?

கே.ஆர்.புரம்வாசி:
பெங்களூருவில் சப்போர்ட் டீம் வேலை. லண்டன் க்ளையன்ட்டுக்கு வாராவாரம் ரிப்போர்ட் போகும். இந்த வரிகளில் சிவப்புக்கோடு எதுவும் விழவில்லை, ஆனாலும் ஏதோ இடிக்கிறது. எது தப்பு, ஏன் தப்பு?

1. வீ ஹேட் லெஸர் டிக்கெட்ஸ் தேன் லாஸ்ட் வீக்.
2. சர்வர் ஏ இஸ் எல்டர் தேன் சர்வர் பி.
3. போத் ஃபெயில்டு, த லேட்டர் வாஸ் ரீஸ்டார்ட்டட்.
4. எனி ஃபார்தர் க்வெரீஸ், ப்ளீஸ் ரிப்ளை.

அல்சூர்க்காரன்:
நாலும் தப்புதாங்க. ஸ்பெல்லிங் சரியாக இருப்பதால் கோடு விழவில்லை.

தமிழில் 'விட' ஒன்றை வைத்தே எல்லா ஒப்பீட்டையும் முடித்துவிடுகிறோம். குறைவு, மூத்தது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. முதல் சோதனை: வாக்கியத்தில் 'தேன்' வருகிறதா? வந்தால் லெஸரையும் எல்டரையும் தூக்கிவிடுங்கள். இரண்டும் 'தேன்' கூடச் சேராது.

டிக்கெட்டை எண்ணலாம், அதனால் 'ஃப்யூயர் டிக்கெட்ஸ்'. டவுன்டைமை எண்ண முடியாது, 'லெஸ் டவுன்டைம்'. லெஸருக்கு இடம் மிகக் குறைவு: 'டு எ லெஸர் எக்ஸ்டென்ட்' மாதிரி. 'லெஸர் மார்க்ஸ்', 'லெஸர் சாலரி' எல்லாம் நம் ஊர்ச் சரக்கு.

எல்டர் குடும்பத்து மனிதர்களுக்கு: 'மை எல்டர் சிஸ்டர்'. 'தேன்' வந்ததும் அக்காவும் 'ஓல்டர் தேன் மீ' ஆகிவிடுவார். சர்வருக்கு எப்போதும் ஓல்டர்தான்.

மூன்றாவதில் ஒரு 'டி' விட்டுப்போச்சு. ஒற்றை 'டி' என்றால் லேட்டர், பிற்பாடு. இரட்டை 'டி' என்றால் லாட்டர், சொன்ன இரண்டில் இரண்டாவது. மூன்று சர்வர் இருந்தால் லாட்டரும் கூடாது, 'த லாஸ்ட்' என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால், 'சர்வர் பி' என்று பெயரையே போடுவது உத்தமம்.

கே.ஆர்.புரம்வாசி:
நன்றி சார். 'லெஸ் தேன் 30 மினிட்ஸ்' என்று நிறைய எழுதியிருக்கிறேன். நிமிடத்தை எண்ணலாமே, ஃப்யூயர் போடணுமா?

இலக்கணப்பிரியை:
வேண்டாம், லெஸ்தான் சரி. அங்கே முப்பது நிமிடத்தை ஒவ்வொன்றாக எண்ணவில்லை, மொத்தமாக ஓர் அளவாகச் சொல்கிறீர்கள். பணம், தூரமும் அப்படியே: 'லெஸ் தேன் 500 ருபீஸ்', 'லெஸ் தேன் 20 கிலோமீட்டர்ஸ்'.

இந்த ஃப்யூயர் விதி வேதவாக்கு ஒன்றும் இல்லை. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் விருப்பமாகச் சொன்னது, பின்னால் சட்டமாகிவிட்டது. 9-ஆம் நூற்றாண்டு ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்திலேயே எண்ணக்கூடியதற்கும் லெஸ் புழங்கியிருக்கிறது. ஆனால் க்ளையன்ட் மெயில் அதை நிரூபிக்கும் இடமில்லை, ஃப்யூயரே போடுங்கள்.

நாலாவதை யாரும் தொடவில்லையே. 'ஏ' வரும் ஃபார்தர் தூரத்துக்கு மட்டும்: மெஜஸ்டிக்கிலிருந்து பார்த்தால் ஒயிட்ஃபீல்டு இந்திராநகரை விட ஃபார்தர். 'யூ' வரும் ஃபர்தர் தூரத்துக்கும் ஆகும், 'மேற்கொண்டு' என்பதற்கும் ஆகும். சந்தேகமா, 'யூ' போடுங்கள். எனவே 'ஃபர்தர் க்வெரீஸ்'.

அல்சூர்க்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. இங்கே எல்லோரும் 'எல்டர் டு மீ' என்பார்கள். அது சீனியரைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. சீனியர், ஜூனியர், ப்ரையர், சுப்பீரியர் எல்லாம் லத்தீன் வழி வந்தவை, 'டு' கேட்கும். எல்டர் அந்தக் கூட்டமில்லை. அதற்காக 'தேன்' பழக்கத்தில் 'சீனியர் தேன் மீ' என்று எழுதிவிடாதீர்கள்!