எஞ்சியிருந்த இரண்டு அடைப்புகள்

அப்பாவுக்கு 61 வயது. மதுரை மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் விடியற்காலை மூன்று மணிக்கே கடையைத் திறந்துவிடுபவர். சென்ற ஆடி மாதம், கத்திரிக்காய் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது தாடை வரை வலி ஏறி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று எண்ணி, இரண்டு கோலி சோடாவைக் குடித்துவிட்டுச் சாக்கின்மேல் சாய்ந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது.

ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தவுடன், ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துத் திறக்கும் கேத் லேபுக்குக் கொண்டுசென்றார்கள். இதயத்தின் முழுவதுமாக அடைபட்டிருந்த வலது தமனியைத் திறந்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்தார்கள். எல்.ஏ.டி. என்னும் இடப்பக்க முன் தமனியில் 80 சதவீதமும், வளைந்து செல்லும் இன்னொரு தமனியில் 60 சதவீதமும் சுருக்கம் இருப்பதாகவும், அவற்றை நான்கு வாரம் கழித்துக் கவனிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

"மூணையும் ஒரே தடவையில முடிக்காம, ரெண்டாவது பில்லு போடப் பாக்குறாய்ங்க" என்றார் சித்தப்பா. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அன்றிரவு அப்பாவின் ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது. குழாய்கள் படத்தில் தெரிவதற்கான சாயத்தை மேலும் செலுத்தினால் சிறுநீரகத்துக்குச் சுமை. ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கு, மாரடைப்பை உண்டாக்கிய குழாயை மட்டும் முதலில் திறப்பதே நல்லது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காக மற்ற அடைப்புகளை அப்படியே விட்டுவிடவும் கூடாது. 4,041 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட 'கம்ப்ளீட்' ஆய்வில், 45 நாளுக்குள் மற்றக் குழாய்களையும் சரிசெய்தவர்களில் 7.8 சதவீதத்தினரும், முதல் குழாயோடு நிறுத்தியவர்களில் 10.5 சதவீதத்தினரும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் மறு மாரடைப்புக்கோ இதய நோயால் மரணத்துக்கோ ஆளானார்கள். அந்த வேறுபாடு பெரும்பாலும் மறு மாரடைப்பு குறைந்ததால் வந்தது, உயிரிழப்பில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

நான்காம் வாரம் எல்.ஏ.டி.யில் ஸ்டென்ட் வைத்தார்கள். 60 சதவீத அடைப்பை அவ்வாறு உடனே தொடவில்லை. அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி ஒன்றை அதற்குள் செலுத்தி, ஊசி மருந்தால் ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். அந்த மருந்து ஏறிய ஓரிரு நிமிடம் மார்பை யாரோ மிதிப்பது போலிருந்ததாகவும், செவிலியர் முன்பே எச்சரிக்காதிருந்தால் மறுபடியும் மாரடைப்பு வந்துவிட்டது என்றே நினைத்திருப்பேன் என்றும் அப்பா சொன்னார். அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தம் அதற்கு முன்னாலுள்ள அழுத்தத்தில் எத்தனை பங்கு என்னும் அளவு 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஸ்டென்ட் தேவைப்படும், அவருக்கு 0.88. அந்தக் குழாய்க்கு மாத்திரை மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். பில் போடுவதே நோக்கமென்றால் மூன்றாவது ஸ்டென்டை ஏன் வேண்டாமென்றார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இப்போது ரத்தம் உறைந்து ஸ்டென்ட் அடைபடாமல் காக்கும் ஆஸ்பிரினும் டிகாக்ரிலரும் ஓராண்டுக்கு எழுதியிருக்கிறார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த நாங்கள் சம்மதிக்கவில்லை.

*

நான் இன்னொருவர், திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு நிகழ்ந்தது வேறு. இருபது ஆண்டுகளாகச் சுகர் உள்ளவர். சிறிய மாரடைப்புக்குப் பின் எடுத்த ஆஞ்சியோவில் மூன்று குழாய்களிலும் நீளமான அடைப்புகள் தெரிந்தன. நாங்கள் ஸ்டென்டையே கேட்டோம். சர்க்கரை நோயோடு பல குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு, அடைப்பைத் தாண்டி வேறு குழாயைப் பொருத்தும் பைபாஸ் அறுவை சிகிச்சையே நீண்ட காலத்துக்கு நல்லது என்று 2012இல் வந்த 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியதை எடுத்துச் சொல்லி, பக்கவாத ஆபத்து அதில் சற்றுக் கூடுதல் என்பதையும் கூறினார்கள். யோசிக்க இரண்டு நாள் கேட்டோம், கொடுத்தார்கள்.

மார்புச் சுவரின் உட்பக்கத் தமனியை எல்.ஏ.டி.யோடு இணைத்து, மற்ற இரண்டுக்கும் காலிலிருந்து சிரை எடுத்துப் பொருத்தினார்கள். எல்லோரும் மார்புக் காயத்தையே விசாரிக்கிறார்கள். அது விரைவில் ஆறிவிட்டது. கணுக்காலுக்கு மேலிருந்த காயத்தில்தான் இரண்டு மாதம் நீர் கசிந்தது. வாரம் இருமுறை கட்டு மாற்ற ஆட்டோவில் அழைத்துச் சென்றோம்.