கித்தோவில் ஒரே நாளில் நாலு பருவம்

பூமத்திய ரேகைன்னா வெயில்தானேன்னு நாலு காட்டன் சட்டையும் ஒரு லுங்கியும் மடிச்சு வெச்சுக்கிட்டு ஈக்வடார் தலைநகர் கித்தோவில் போய் இறங்கினேன். மார்ச் மாசக் கடைசி. ராத்திரி பதினோரு மணிக்கு டாக்ஸிக்காக வெளியே நின்னப்போ பல் தந்தியடிச்சது. ஊர் 2,850 மீட்டர் உயரத்துல, ஊட்டியைவிட 600 மீட்டர் மேலே இருக்குங்கறதைக் கிளம்பும்போது யோசிக்கவே இல்லை.

தங்கியிருந்த வீட்டம்மா காலையில என் சட்டையைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "வெங்காயம் மாதிரி உடுத்தணும்"னாங்க. ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, ஒவ்வொண்ணா உரிச்சு, சாயங்காலம் திரும்ப மாட்டிக்கணுமாம். அவங்க கொடுத்த கம்பளி போன்சோவோடதான் (தலைவழியா மாட்டிக்கிற போர்வை) கிளம்பினேன்.

ஏழு மணிக்குத் தெருமுனை தெரியாத அளவுக்குப் பனி. ஒன்பதுக்கெல்லாம் வானம் துடைச்சுவிட்ட மாதிரி நீலம். போன்சோ பைக்குள்ள போச்சு. பூமத்திய ரேகை நினைவுச்சின்னத்துல பன்னிரண்டரைக்கு நின்னப்போ என் நிழல் செருப்புக்கு வெளியே வரலை. மஞ்சள் கோட்டுமேல நின்னு போட்டோவும் எடுத்தேன். ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டுற நிஜ ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே. தெரிஞ்சேதான் எடுத்தேன், என்ன பண்றது!

காத்து மெலிசா இருக்கறதால வெயில் நேரா தோல்ல இறங்குது, ஆனா நிழலுக்குள்ள ஓர் அடி வெச்சா சிலிர்க்குது. நடுவுல லேசா மேகம் மூடினதும் தொப்பியைக் கழட்டிட்டேன். நம்ம கறுப்புத் தோலுக்கு என்ன ஆயிடப்போகுதுங்கற திமிர்தான். நாலாம் நாள் காது நுனியும் பின்கழுத்தும் உரிஞ்சுது.

ரெண்டரைக்கு கிழக்குப் பக்க மலைக்குப் பின்னால கறுத்துது. அமேசான் காட்டு ஈரம் சரிவேறி வந்து மேகமா திரளும்; மழை மாசங்கள்ல பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கொட்டும். பஸ் ஸ்டாப்ல ஒரு பாட்டி எஸ்புமியா வித்துக்கிட்டிருந்தாங்க. கொய்யாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் நுரைக்க அடிச்சு, கோன்ல கோபுரமா வெச்சுத் தர்ற இனிப்பு. பார்க்க ஐஸ்கிரீம், ஆனா வெயில்ல உருகாது. ஒண்ணு வாங்கி வாயில வெக்கறதுக்குள்ள தகரக் கூரைமேல யாரோ கல்லெறிஞ்ச மாதிரி சத்தம். ஆலங்கட்டி! பாட்டி அலட்டிக்காம தட்டுமேல பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடிட்டு, இன்னொரு ஷீட்டைத் தன் தலைமேல போட்டுக்கிட்டாங்க. இருபது நிமிஷத்துல ரோடு வெள்ளை. அரை மணி கழிச்சு அதே ரோட்டுல வெயில், ஆவி பறக்குது.

எந்த மாசம் போனாலும் அங்கே பகல்ல இருபது டிகிரி சுமாருக்கு, விடியற்காலையில பத்து சுமாருக்குத்தானாம். மாசத்துக்கு மாசம் மாறுறது மழை மட்டும். ஒரு குறை சொல்லியே ஆகணும்: தண்ணி 91 டிகிரியிலேயே கொதிச்சுடுது. குக்கர் இல்லாம வெச்ச சோறு மூணு நாளும் நடுவுல அரிசியாவே இருந்துச்சு.

---

உங்க கித்தோ கதையைப் படிச்சேன். நான் இருந்தது கென்யாவுல, நான்யூகிங்கற ஊர்ப் பக்கம். ரேகை ஊரை ஒட்டியே போகுது, உயரம் 1,900 மீட்டருக்கு மேல. உங்க கதைதான், ஆலங்கட்டியை மட்டும் கழிச்சுக்கோங்க.

5,199 மீட்டர் கென்யா மலையைப் பார்க்கணும்னு போன எனக்கு மூணு நாள் வெறும் மேகம்தான் கிடைச்சுது. காலை டிபனை முடிச்சுட்டு நிதானமா பத்து மணிக்கு வெளியே வந்தா எப்படித் தெரியும்? லாட்ஜ் வாட்ச்மேன்தான் பாவப்பட்டு நாலாம் நாள் ஆறேகாலுக்கு கதவைத் தட்டினார். ரெண்டு ஸ்வெட்டர், தலையில துண்டு. கறுப்புப் பாறை முனையும் அதுல ஒட்டின வெள்ளையும் சுத்தமா தெரிஞ்சுது. கேமரா எடுக்க உள்ளே போனேன், லென்ஸ் பூரா பனித்துளி. துடைச்சுத் துடைச்சுப் பார்த்ததுல ரெண்டே படம் தேறுச்சு. ஒன்பதரைக்கு மலை இருந்த இடத்துல வெறும் சாம்பல் நிறம். எனக்கு முதுகுல வேர்வை.

வாட்ச்மேன் மட்டும் மதியம் வரைக்கும் ஓவர்கோட்டைக் கழட்டவே இல்லை.