சான்றிதழில் 30 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள்: ஃபீல்டு ரிப்போர்ட்டுக்குக் கணக்கு இல்லையா?

மதுரைமகள்: அப்பாவுக்கு 61 வயது, இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்). வலது கண் கண்ணாடியோடு எழுத்துப் பலகையில் 6/12 (மற்றவர்கள் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கிறார்). இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியாது. பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் (24-2 வகை) தாளில் வலது கண்ணுக்கு நடுவில் மட்டும் சின்ன வெளுப்பு, சுற்றிலும் ஒரே கருப்பு. ஓரத்தில் பேனாவால் "15 டிகிரி" என்று எழுதியிருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்று 30 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. சரியா?

லென்ஸ்தம்பி: 30 என்பது ஒற்றைக்கண் கணக்கு அக்கா. நல்ல கண் 6/18 வரை, மற்றது 3/60க்குக் கீழே என்றால் அட்டவணையில் அதுதான் வரும். எழுத்துப் பலகையை மட்டும் பார்த்துப் போட்டதுபோலத் தெரிகிறது. மத்திய அரசு வழிகாட்டுதலில் நல்ல கண்ணின் பார்வைப் பரப்பும் அளவுகோல்தான். உங்கள் அப்பாவின் இடது கண் நிலைக்கு, வலது கண் பரப்பு 40 டிகிரிக்குக் கீழ் 20 வரை என்றால் 60 சதவீதம். 20க்குக் கீழ் 10 வரை என்றால் 80. 10க்கும் கீழே போனால் 90.

பெரிமெட்ரி அண்ணா: அந்த "15" எதைச் சொல்கிறது? நடுப்புள்ளியிலிருந்து 15 என்றால் குறுக்களவு 30. வழிகாட்டுதல் பார்வை மையத்தைச் சுற்றி என்று மட்டுமே சொல்வதால், ஒருவர் 60 போடுவார், இன்னொருவர் 80 போடுவார். எப்படிப் பார்த்தாலும் சலுகைகளுக்குக் கேட்கும் 40 சதவீதத்தைத் தாண்டும். டாக்டரிடம் "மையத்திலிருந்து இவ்வளவு, குறுக்காக இவ்வளவு" என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். கூடவே நடுப்பகுதியை மட்டும் நெருக்கமாக அளக்கும் 10-2 டெஸ்ட்டும் எடுங்கள். 24-2இல் புள்ளிகள் 6 டிகிரி தள்ளித்தள்ளி இருக்கும், 10 டிகிரி எல்லையைத் துல்லியமாகக் காட்டாது. 10-2இல் 2 டிகிரி இடைவெளி.

மதுரைமகள்: தாளில் ஃபிக்சேஷன் லாஸ் (பார்வை நடுப்புள்ளியை விட்டு விலகிய கணக்கு) 0 என்று இருக்கிறது. நம்பகமான டெஸ்ட்தானே அண்ணா?

பெரிமெட்ரி அண்ணா: இவர் விஷயத்தில் அந்த 0க்கு மதிப்பில்லை. மெஷின் குருட்டுப் புள்ளியில் (எல்லாக் கண்ணிலும் இயல்பாகவே பார்வை இல்லாத இடம்) வெளிச்சம் காட்டித்தான் கண் அசைகிறதா என்று பார்க்கிறது; கண் விலகினால் அது தெரிந்துவிடும். அந்தப் புள்ளி காதுப் பக்கம் ஏறக்குறைய 15 டிகிரியில் இருக்கும். அங்கே சுற்றிலும் ஏற்கெனவே இருட்டு. கண் கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் தெரியாது, 0தான் வரும். தாளின் அடியில் ஓடும் கண்-அசைவுக் கோட்டைப் பாருங்கள். ஃபால்ஸ் பாசிட்டிவ் (வெளிச்சம் தெரியாமலே பட்டனை அழுத்துவது) 15 சதவீதத்துக்கு மேல் என்றால் மறுபடி எடுக்க வேண்டியதுதான். மேல் இமை தொங்கினால் டேப் போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேல்பகுதி பொய்யாகக் கருக்கும்.

லென்ஸ்தம்பி: சான்று வந்தபின் மாநில அரசு விதித்த கெடுவுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. பழைய ஃபீல்டு தாள்களையும் சேர்த்து வையுங்கள். ஒரே தாளை "அன்று சரியாகச் செய்யவில்லை" என்று தள்ளுவது சுலபம்.