ஹான்ஸ் கருவிக்குத் தமிழ்ச்சொல்: 'கழுத்துத் தாங்கி' வேண்டாம்

இரா.மு. எழுதியது:

அன்புடையீர்,

ஓவல் தடப் பந்தயங்களின் (ஒரே பக்கம் திரும்பிச் சுற்றும் தடங்கள்) பாதுகாப்பு குறித்த சொற்பட்டியலின் வரைவு பார்த்தேன். பெரும்பாலும் நன்று. ஆனால் மோதலில் பந்தய ஓட்டுநரின் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் ('ஹெட் அண்ட் நெக் சப்போர்ட்') கருவிக்கு 'கழுத்துத் தாங்கி' என்று இருப்பதை எடுத்துவிட வேண்டும். அதன் ஆங்கிலப் பெயரில் 'சப்போர்ட்' என்று ஒரு சொல் இருப்பதால் வந்த வினை இது. கருவி கழுத்தைத் தாங்குவதே இல்லை.

அமைப்பைப் பாருங்கள். கார்பன் இழையால் செய்த யு வடிவப் பட்டை ஒன்று பிடரிக்குப் பின்னால் எழுந்து, இரு கைகளாகப் பிரிந்து, தோள்களின் மேல் வழிந்து மார்பில் இறங்கும். ஓட்டுநரின் இரண்டு தோள் பெல்ட்டுகளும் அந்தக் கைகளின் மேல்தான் ஓடும். பெல்ட்டை இறுக்கினால் பட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பட்டையின் பின்மேட்டிலிருந்து இரண்டு குட்டை வார்கள் புறப்பட்டு ஹெல்மெட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். சாதாரணமாக ஓட்டும்போது வார்கள் தொய்வாகவே இருக்கும், தலையைத் திருப்பலாம். கழுத்து எதன் மேலும் சாய்ந்திருக்காது.

வேலை மோதலின்போதுதான். கார் சுவரில் மோதியதும் பெல்ட்டுகள் உடம்பைப் பிடித்து நிறுத்தும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ என்று வையுங்கள். 40 ஜி (புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு) வேகத்தணிவில் அது 260 கிலோ இழுவையாகிறது. அந்த இழுவை முழுவதும் கழுத்தின் வழியாக மண்டையோட்டின் அடிப்பாகத்துக்குப் போகிறது. தண்டுவடம் நுழையும் துளையைச் சுற்றியுள்ள எலும்பு பிளந்தால் பெரிய ரத்தக்குழாய்களும் மூளைத்தண்டும் சேர்ந்து அறுபடலாம். வெளியே கீறல்கூட இல்லாமல் ஆள் போய்விடலாம். வார்கள் இருந்தால் அந்த இழுவையின் பெரும்பகுதி கழுத்தைத் தவிர்த்துப் பட்டைக்கும், பட்டையிலிருந்து தோள் பெல்ட்டுக்கும் போய்விடும். தலையும் உடம்பும் ஒன்றாக நிற்கும்.

1981இல் மிட்-ஒஹையோ தடத்தில் பாட்ரிக் ஜாக்மார் இந்தக் காயத்தால்தான் இறந்தார். அவரை அறிந்த பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங், தம் மைத்துனரும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக உயிர்விசையியல் பேராசிரியருமான ராபர்ட் ஹப்பர்டிடம் கேட்டதில் பிறந்தது இந்தக் கருவி. அவர்கள் செய்தது தாங்கல் அல்ல, கட்டுதல். ஆகவே என் பரிந்துரை: தலைத்தளை.

இரா.மு.

---

தே. எழுதியது:

> அவர்கள் செய்தது தாங்கல் அல்ல, கட்டுதல்.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. 'கழுத்துத் தாங்கி'க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பு மருத்துவரிடம் போனால் கழுத்துவலிக்குக் கொடுக்கும் நுரைப்பட்டையை இங்கே பலர் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். மோட்டார் பந்தயத்திலேயே முன்பு ஹெல்மெட்டுக்கு அடியில் வட்டமாக ஒரு நுரை வளையம் போடுவார்கள். அது தலை பக்கவாட்டில் சாய்வதைக் கொஞ்சம் தடுக்கும், களைப்பைக் குறைக்கும். முன்னோக்கிய இழுவைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கார்ட்டிங் ஓட்டும் பையனின் அப்பா நுரை வளையத்தை வாங்கி மாட்டிவிட்டு 'அதுதான் இது' என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் 'தளை' என்றால் விலங்கு, அடிமைக்கட்டு என்றுதான் இன்றைய வாசகருக்குத் தோன்றும். 'தலைப்பிணை' எப்படி?

அடிமண்டை முறிவு பற்றி ஒரு எச்சரிக்கை. விளக்கக் குறிப்பில் எடுத்துக்காட்டாக அமெரிக்க ஸ்டாக் கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டைப் போடாதீர்கள். எல்லோரும் போடுவது அவரைத்தான், ஆனால் அது சிக்கலான வழக்கு. 2001 பிப்ரவரி 18, டேடோனா, கடைசிச் சுற்றின் நான்காம் வளைவில் மோதி இறந்தார். இடுப்பு பெல்ட்டின் இடப்பக்கம் அறுந்திருந்தது. பிறகு வந்த, பந்தயத்தை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் அறிக்கை, பெல்ட் அறுந்ததால் உடம்பு நகர்ந்து தலையின் பின்புறம் அடிபட்டிருக்கலாம் என்ற திசையில் போனது. தனியாகப் பார்த்த வல்லுநர் தலை முன்னே வீசப்பட்டதே காரணம் என்றார். ஒரு கலைச்சொல்லின் விளக்கத்தை இந்த வாதத்தின் மேல் நிறுத்த வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் தடத்தின் மூன்றாம் வளைவில் ஆடம் பெட்டி மே மாதமும் கென்னி இர்வின் ஜூலையிலும் இறந்தார்கள். இருவருக்கும் அடிமண்டை முறிவு. அதைப் போடலாம்.

தே.

---

கோ.வே. எழுதியது:

> 'தலைப்பிணை' எப்படி?

பிணை என்றால் ஜாமீன் என்றுதான் நாளிதழ் வாசகர் படிப்பார். "ஓட்டுநருக்குத் தலைப்பிணை வழங்கப்பட்டது" என்று தலைப்பு வந்தால் எந்த நீதிமன்றம் என்று கேட்பார்கள் :-)

தளைக்கு என் வாக்கு. யாப்பில் சீரையும் சீரையும் கட்டுவதைத் தளை என்றுதான் சொல்கிறோம், அங்கே யாரும் அடிமைத்தனத்தை நினைப்பதில்லை. இங்கும் இரண்டு உறுப்புகளைச் சேர்த்துக் கட்டும் வேலைதான்.

கோ.வே.

---

ந. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம். இரண்டு விசயம்.

முதலாவது, ஹான்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். பொதுச்சொல்லை அதன் உருவத்தை வைத்து ஆக்கினால் மற்றக் கருவிகள் வெளியே நிற்கும். எர்ன்ஹார்ட்டின் இறப்புக்குப் பிறகும் நாஸ்கார் உடனே கட்டாயமாக்கேல்லை. 2001 ஒக்ரோபர் 4 அன்று ஷார்லட் தடத்தில் ஆர்கா என்ற ஸ்டாக் கார் தொடரின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் இறந்தார். அதே மாதம் 17ஆம் திகதிதான் கட்டளை வந்தது. அப்போது ஹான்ஸும் செல்லும், ஹட்சன்ஸ் என்ற இன்னொன்றும் செல்லும். ஹட்சன்ஸில் தோளில் அமரும் பட்டையே கிடையாது, வெறும் வார்களாலான சேணம். பின்னர் பந்தயக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் 38.1 என்ற தரம் வந்தது. நேர் மோதல் ஒன்று, 30 பாகை சாய்ந்த மோதல் ஒன்று என இரண்டு சோதனை. உச்சம் ஏறத்தாழ 70 ஜி. கழுத்தின் இழுவை 4000 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஹட்சன்ஸ் 2005இலிருந்து நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் இல்லை. தரத்தில் தேறிய வேறு அமைப்புகள் இப்போது உண்டு. எல்லாவற்றுக்கும் பொது, தலையை உடம்போடு கட்டுவது. ஆகவே தலைத்தளை பொதுச்சொல், ஹான்ஸ் அதில் ஒரு வகை. இப்படி வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

இரண்டாவது, அந்த 30 பாகை. ஓவலுக்கு அதுதான் உயிர்நாடி. கார்கள் இடப்பக்கமே திரும்புகின்றன, சுவர் வலப்பக்கம். பிடி நழுவினால் வலது முன்மூலைதான் முதலில் படும். தலை நேரே முன்னுக்குப் போகாது, மணிக்கூட்டில் ஒரு மணி காட்டும் திசைக்குப் போகும். 'முன்வீச்சுத் தடுப்பி' என்று வேறொரு குழுவில் பரிந்துரைத்திருந்தார்கள். அது அரைகுறை.

ந.

---

இரா.மு. எழுதியது:

ந. சொன்னது சரி. பொதுச்சொல்லாகவே வைப்போம்.

உறுப்புகளுக்கு: தோளில் அமரும் பட்டைக்கு நுகம். ஆங்கிலத்திலும் மாட்டு நுகத்தின் பெயர்தான், வடிவமும் வேலையும் பொருந்துகின்றன. ஹெல்மெட்டுக்குப் போவது தளைவார். ஹெல்மெட்டில் மாட்டும் இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. 'நங்கூரம்' என்று போட்டிருந்தார்கள், கப்பல்காரர்கள் சிரிப்பார்கள்.

---

ந. எழுதியது:

கொளுவி. எங்கட பக்கம் அன்றாடச் சொல்.

---

தே. எழுதியது:

கொளுவி அருமை. எடுத்துக்கொள்ளலாம்.

இந்த உறுப்புப் பெயர்கள் சும்மா அழகுக்கு அல்ல. தளை எங்கே தோற்கிறது என்று எழுதும்போது ஒவ்வொன்றும் தேவைப்படும். நான் விளக்கக் குறிப்புக்காக எழுதி வைத்திருப்பது:

தோள் பெல்ட்டுகளின் பின்முனைகள் அகலமாக விலகிப் பூட்டப்பட்டிருந்தால், மோதலில் பெல்ட் நுகத்தின் கையிலிருந்து வெளிப்பக்கம் நழுவும். நழுவினால் நுகம் வெறும் ஆபரணம். எனவே பின்முனைகள் நெருக்கமாக, கழுத்துக்குப் பின்னால் உள்நோக்கி வர வேண்டும். இடுப்பு பெல்ட் தளர்ந்திருந்தால் உடம்பே முன்னே சறுக்கும், தலையை உடம்போடு கட்டி என்ன பயன்? பெல்ட்டை இருக்கையின் துளையில் சாய்வாக நுழைத்தால் அது ஒரு ஓரத்தில் சுருண்டு குவியும், சுமை முழுவதும் அந்த ஓரத்து இழைகளில் ஏறி அங்கிருந்து கிழியத் தொடங்கும். எர்ன்ஹார்ட் பெல்ட்டைப் பற்றிய ஆய்வில் பேசப்பட்டது இதுதான். நுகத்தின் சாய்வுக் கோணம் இருக்கைக்குப் பொருந்த வேண்டும்: நிமிர்ந்து உட்காரும் ஸ்டாக் காருக்கு 20 பாகை, சாய்ந்து உட்காரும் ஒற்றை இருக்கைக் காருக்கு 30 பாகை. மாற்றிப் போட்டால் நுகம் மார்பில் படியாமல் எழும்பி நிற்கும். கொளுவிக்காக ஹெல்மெட்டில் தாமே துளை போடுவது அதன் மேலோட்டின் வலிமையையே கெடுக்கும் வேலை. விபத்துக்குப் பின் தளைவார் புதிதாக மாற்ற வேண்டும், விபத்தே இல்லாவிட்டாலும் எஸ்.எஃப்.ஐ. சான்று ஐந்து ஆண்டுக்குத்தான்.

பக்கவாட்டு மோதலுக்குத் தளை மட்டும் போதாது. அதற்கு இருக்கையின் தலைச்சிறகுகளும் வலப்பக்க வலையும் வேண்டும்.

தே.

---

கோ.வே. எழுதியது:

சுவருக்கு வருவோமா? பட்டியலில் சேஃபர் சுவருக்கு (தடத்தின் ஓரத்தில் மோதலின் அடியைக் குறைக்கும் தடுப்பு) 'மென்சுவர்' என்று உள்ளது. பத்திரிகைகள் ஆங்கிலத்தில் அப்படி எழுதியதன் நிழல் இது. கையால் தட்டிப் பார்த்தால் அது இரும்பு. 203 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்த முகப்பு. அதற்கும் பழைய கான்கிரீட் சுவருக்கும் இடையே பாலிஸ்டைரீன் நுரைக் கட்டிகள், இடைவெளி விட்டு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழு செய்தது. 2002 மே மாதம் இண்டியானாபொலிஸில் முதலில் நின்றது.

முன்னால் இரும்பு எதற்கு என்றால், நுரையை மட்டும் வைத்தால் காரின் மூக்கு அதற்குள் குத்தி நின்றுவிடும், வால் சுழலும். வழுக்கலான, தொடர்ச்சியான முகப்பு காரைச் சுவரோடு வழுக்கவிட்டு, ஒரே புள்ளியின் அடியைப் பல கட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இதற்கு முன் 1998இல் அதே தடத்தில் பாலிஎத்திலீனால் ஒரு சுவர் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஐராக் என்ற தொடரின் பந்தயத்தில் ஓட்டுநர் ஆரி லாயன்டைக் மோதியபோது அது உடைந்து துண்டுகள் தடமெங்கும் சிதறின. காரும் தடத்துக்குள்ளேயே திரும்பி வந்தது.

கணக்கு எளிது. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் 15 பாகைச் சாய்வில் சுவரைத் தொட்டால், சுவரை நோக்கிய வேகம் மணிக்கு 65 கி.மீ. காரின் முன்பகுதி மட்டும் நசுங்கி 40 செ.மீ.யில் நின்றால் சராசரி 41 ஜி. சுவரும் 30 செ.மீ. உள்வாங்கி மொத்தம் 70 செ.மீ. கிடைத்தால் 23 ஜி சொச்சம். உச்சம் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஆனால் விகிதம் இதுதான்.

'நெகிழ்சுவர்' வேண்டாம். நெகிழ்ந்தால் திரும்ப உந்தும் என்று பொருள் வரும். திரும்ப உந்தினால் பின்னால் வருகிற முப்பது காரின் முன்னே தள்ளிவிடும். 'தணிசுவர்' எப்படி?

கோ.வே.

---

ந. எழுதியது:

தணிசுவர் என்றால் எங்களுக்கு உயரம் குறைந்த சுவர். தணிந்த மதில் என்று சொல்லுவம்.

அமுங்குசுவர் என்று வினைத்தொகையாக வைக்கலாமே? வேலையைச் சொல்கிறது, மென்மை என்று ஏமாற்றவில்லை.

---

இரா.மு. எழுதியது:

அமுங்குசுவர் நன்று. 'நசுங்குசுவர்' நுரைக்கு இன்னும் துல்லியம்தான், ஆனால் ஓட்டுநர் நசுங்குவது போல ஒலிக்கிறது.

விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: அமுங்குசுவர் இருக்கும் இடத்தில் மட்டுமே காக்கும். 2015 பிப்ரவரியில் டேடோனாவில் ஓட்டுநர் கைல் புஷ் உட்பக்கத்து வெறுங் கான்கிரீட்டில் மோதியதில் அவருடைய வலது காலும் இடது பாதமும் முறிந்தன. கார் அங்கே போகாது என்று நினைத்து விட்ட இடம். அதன்பிறகுதான் தடங்கள் எஞ்சிய இடங்களையும் மூடத் தொடங்கின.

தலைத்தளைக்குப் பக்கத்தில் யாரோ 'உயிர்க்காப்பு வளையம்' என்று மாற்றுச்சொல் சேர்த்திருக்கிறார்கள். நீக்கிவிட்டேன். 2011 அக்டோபர் 16, லாஸ் வேகாஸ்: ஒன்றரை மைல் ஓவலில் 34 இண்டிகார்கள் (ஓட்டுநரின் தலை வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்கள்). 15 கார்கள் சிக்கிய மோதலில் டேன் வெல்டனின் கார் பறந்து வேலியில் விழுந்தது. அவர் தலை வேலிக் கம்பத்தில் அடிபட்டது. 2015 ஆகஸ்டில் போகோனோவில் ஜஸ்டின் வில்சனின் ஹெல்மெட்டில் இன்னொரு காரின் மூக்குத்துண்டு வந்து விழுந்தது. இரண்டிலும் தளையால் செய்ய ஒன்றுமில்லை. அந்த வகை ஆபத்துக்கு 2020இல் இண்டிகாரில் ஓட்டுநரின் முன்னே டைட்டேனியச் சட்டமும் பாலிகார்பனேட் திரையும் வந்தன. திரைக்கு 'காற்றுத்திரை' என்று பட்டியலில் இருப்பது தவறு. அது தடுப்பது காற்றை அல்ல, சிதறலை. சிதறல்திரை என்று மாற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

---

தே. எழுதியது:

சிதறல்திரைக்கு மறுப்பில்லை.

'ஓவல்' என்பதற்கு 'நீள்வட்டம்' போட்டிருப்பதை மட்டும் விடமாட்டேன். இண்டியானாபொலிஸ் நான்கு மூலை வளைத்த செவ்வகம், டேடோனா ஏறக்குறைய முக்கோணம். கணிதத்து நீள்வட்டம் எங்கும் இல்லை. இருங்காட்டுக்கோட்டை போன்ற இருபுறமும் திரும்பும் தடங்களிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும். 'ஓவல்' என்றே தமிழில் எழுதிவிடலாம். வேண்டுமானால் தனி இழை திறக்கிறேன்.

---

இரா.மு. எழுதியது:

திறவுங்கள். பட்டியலில் இப்போதைக்கு ஓவல்.

பதிவேற்றும் வடிவம்:

தலைத்தளை: மோதலில் ஓட்டுநரின் தலை உடம்பை விட்டு முன்னேயோ முன்-பக்கவாட்டிலோ இழுபடாமல், ஹெல்மெட்டை உடம்போடு கட்டும் அமைப்பு. ஹான்ஸ் வகையின் உறுப்புகள்: நுகம், தளைவார் (2), கொளுவி (2). நுரைக் கழுத்து வளையம் இதில் சேராது.

அமுங்குசுவர்: கான்கிரீட் சுவருக்கு முன்னே இரும்புக் குழாய் முகப்பும் இடையே நுரைக் கட்டிகளும் கொண்ட தடுப்பு. மோதும் காரைத் திருப்பி உந்தாமல், உள்வாங்கிச் சுவரோடு வழுக்கவிடும்.