ஃபார்மட் போடும் முன்: விண்டோஸ் இன்ஸ்டால், ஹார்ட்வேர், நெட்வொர்க் கோளாறுகள் – அனுபவப் பகிர்வு

லேப்டாப் சர்வீஸ், ஈரோடு

தொடங்கி வைக்கிறேன். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: "ஃபார்மட் போட்டேன், சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். திரையில் என்ன வந்தது, எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், ஏன் அப்படி ஆனது என்பது இருந்தால்தான் அடுத்தவருக்குப் பயன்படும்.

இப்போது அதிகம் வரும் கேஸ் இது. இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப். பென்டிரைவில் பூட் ஆகி, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். டிரைவே கிடைக்கவில்லை என்று செய்தி வரும். பல இடங்களில் இதைப் பார்த்ததும் எஸ்எஸ்டி போய்விட்டது என்று சொல்லிப் புதியதை வாங்க வைக்கிறார்கள். முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் போர்டின் செட்டிங் திரை) போய்ப் பாருங்கள். அங்கே எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் தெரிந்தால் டிரைவ் உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல்லின் விஎம்டி என்ற கன்ட்ரோலர் எஸ்எஸ்டிக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கிறது, அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இல்லை. அவ்வளவுதான்.

சரியான வழி, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி (ஸ்டோரேஜ்) டிரைவரை இறக்குவது. அது இஎக்ஸ்இ கோப்பாக வந்தால் அப்படியே பென்டிரைவில் போட்டுப் பயனில்லை. பிரித்தெடுத்து, உள்ளே ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் என்று முடியும் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை முழுசாக நகலெடுக்க வேண்டும். ஐஎன்எஃப் மட்டும் போதும் என்று எடுத்தால் ஏறாது. பிறகு இன்ஸ்டால் திரையில் "லோட் டிரைவர்" அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், விஎம்டி என்ற பெயரோடு ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்ததும் டிஸ்க் தெரிந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டாலும் டிஸ்க் தெரியும். ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் அந்த வரி மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் சேர்த்து அழுத்தினால் வெளிவரும். ஆனால் பழைய விண்டோஸும் டேட்டாவும் உள்ளே இருக்கிற மெஷினில் இதைச் செய்யாதீர்கள். விஎம்டி ஆனில் இருந்தபோது போட்ட விண்டோஸ், அதை அணைத்ததும் "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை காட்டும். பதற வேண்டாம், திரும்ப ஆன் செய்தால் பழையபடி ஏறும். அந்த நேரத்தில் பதறி ஃபார்மட் போட்டு டேட்டாவை இழந்தவர்கள்தான் அதிகம்.

லேப்டாப் சர்வீஸ், திருநெல்வேலி

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் என்க்ரிப்ஷன்) இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் எடிஷனில்கூட டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது. மெஷின்காரருக்கு அது தெரிவதே இல்லை. பயாஸ் அப்டேட், செக்யூர் பூட் மாற்றம், டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) கிளியர், போர்டு மாற்றம் இவற்றில் எது நடந்தாலும் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம்.

கீ பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் மெயில் ஐடியே மறந்துபோயிருந்தால், டேட்டாவை எடுக்க எந்தக் குறுக்கு வழியும் கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வேலையைத் தொடங்கும் முன் அட்மின் கமாண்ட் பிராம்ட்டில் மேனேஜ்-பிடிஇ, ஸ்டேட்டஸ் கமாண்ட் கொடுத்துப் பாருங்கள். ஆனில் இருந்தால் கீயைத் தாளில் எழுதி, பாதுகாப்பைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்துவிட்டு பயாஸைத் தொடுங்கள்.

கல்லூரி லேப் பராமரிப்பு, தஞ்சாவூர்

டிஸ்க் தெரிகிறது, ஆனால் "எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இஎஃப்ஐ சிஸ்டத்தில் ஜிபிடி டிஸ்க்கில்தான் போட முடியும்" என்று நிற்கிறது. பழைய லேப் மெஷின்களில் ஓயாமல் வருவது இது. எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய, புதிய முறைகள். பென்டிரைவ் எந்த வழியில் பூட் ஆனது என்பதுதான் விஷயம். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை காட்டும்: ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருக்கும், மற்றதில் இருக்காது. யுஇஎஃப்ஐ வழியில் பூட் ஆனால்தான் ஜிபிடி கேட்கும்.

டேட்டா வேண்டாம் என்றால் ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், க்ளீன், கன்வெர்ட் ஜிபிடி என்று வரிசையாகக் கொடுக்கலாம். க்ளீன் என்பது முழு டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிளையே அழிக்கும். எஸ்எஸ்டியும் ஹார்ட்டிஸ்க்கும் சேர்ந்த மெஷினில் டிஸ்க் 0 என்பது டேட்டா இருக்கும் ஹார்ட்டிஸ்க்காகவும் இருக்கலாம். எண்ணை நம்பாமல் ஜிபி அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதைவிட நல்லது, டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவது. டேட்டா வேண்டும் என்றால் எம்பிஆர்2ஜிபிடி கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே கூட வருகிறது. டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். மாற்றி முடித்ததும் பயாஸில் லெகஸியை (பழைய பூட் முறை) எடுத்துவிட்டு யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது, பாதியில் 0எக்ஸ்80070570 என்று நின்றுபோவது. கோப்பு சிதைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே சிதைந்தது என்பதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் பென்டிரைவையோ ஐஎஸ்ஓவையோ (இறக்கிய விண்டோஸ் இன்ஸ்டால் கோப்பு) சந்தேகப்படுங்கள். ஒருமுறை 12, அடுத்த முறை 60 என்று இடம் மாறினால் ராமை (மெமரி ஸ்டிக்) சந்தேகப்படுங்கள். இது முடிந்த முடிவு இல்லை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லிவிடும். ஐஎஸ்ஓ சரியா என்று பார்க்க செர்ட்யூட்டில் கமாண்டில் எஸ்எச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து, மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். விலை மலிவாகக் கிடைக்கும் பென்டிரைவ்களில் போலி அளவு காட்டுபவையும் உண்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியை ஓட்டினால் உண்மையான கொள்ளளவு தெரியும்.

பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்து ஐஎஸ்ஓவைக் கையால் நகலெடுப்பவர்கள் கவனிக்க: அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது, இன்ஸ்டால் டாட் விம் இப்போது அதைத் தாண்டிவிடுகிறது. பூட் பென்டிரைவ் செய்து தரும் ரூஃபஸ் மென்பொருளைப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை.

டெஸ்க்டாப் ஹார்ட்வேர், கோயம்புத்தூர்

எர்த் பற்றி யாரும் எழுதவில்லை. என் கணிப்பில் நம் ஊரில் போர்ட்டுகள் எரிவதற்கு இதுதான் பெரிய காரணம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும், டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புதியதிலும் அதேதான் வரும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் பாடிக்குப் போகின்றன. இரைச்சலை எர்த்துக்கு இறக்குவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் பாடியில் மெயின்ஸில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், மிதந்துகொண்டிருக்கும். கரன்ட் மிகக் குறைவுதான். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் மானிட்டர் போர்ட்டோ கிராஃபிக்ஸ் கார்டு போர்ட்டோ போய்விடும்.

மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து பிளக் பாயின்ட்டில் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். சிலர் பிளக்குக்குள்ளேயே எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும், தொட்டவர் உயிர் போகும்.

மற்றவை சுருக்கமாக. திரும்பத் திரும்ப நீள பீப் வந்தால் முதலில் ராமைப் பாருங்கள்: கழற்றி, அதன் தொடுமுனைகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். டிடிஆர்5 போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது மெமரி ட்ரெயினிங் நடக்கும், சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு டெட் என்று அதற்குள் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுகிறார்கள். மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. லோடில் இருக்கும்போது மஞ்சள் ஒயரில் மீட்டர் வைத்து, 11.4-க்குக் கீழே இறங்கினால் மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லுங்கள்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 என்ற சிஆர்சி (கேபிள் வழியில் பிழையான தகவல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். 05, சி5 (கெட்டுப்போகும் செக்டர்களின் எண்ணிக்கை) ஏறினால் உடனே டேட்டாவை வெளியே எடுங்கள்.

நெட்வொர்க் வேலை, மதுரை

நெட் வரவில்லை என்றால் ஐபிகான்ஃபிக் கமாண்டில் தொடங்கலாம். 169.254-இல் தொடங்கும் முகவரி இருந்தால் டிஎச்சிபியிலிருந்து (மெஷின்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் ரவுட்டரின் சேவை) ஐபி கிடைக்கவில்லை என்று பொருள், பிரவுசரை நோண்டிப் பயனில்லை. ஐபி சரியாக இருந்தால் முதலில் ரவுட்டரை பிங் செய்யுங்கள், பிறகு 8.8.8.8, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண் போய்ப் பெயர் போகவில்லை என்றால் டிஎன்எஸ்ஸில் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) கோளாறு.

காலையில் நெட் வரும், மதியம் சில மெஷின்களில் மட்டும் வராது என்றால், யாராவது இரண்டாவது ரவுட்டர் மாட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டும் டிஎச்சிபி கொடுக்கும், சில மெஷின்களுக்கு 192.168.1 வரிசை, சிலவற்றுக்கு 192.168.0 வரிசை கிடைக்கும். இரண்டாவது ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, லேன் போர்ட்டிலேயே கேபிளைச் செருகினால் போதும்.

200 எம்பிபிஎஸ் பிளான், ஸ்பீட் டெஸ்டில் 94-ஐத் தாண்டவே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு ஒயர் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒன்று ஒட்டாவிட்டாலும் லிங்க் 100-க்கு இறங்கிவிடும். இதைவிட ஏமாற்றும் கேஸ் ஒன்று உண்டு: டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனாலும் நெட் இழுக்கும். கேபிள் முனையில் பிளக்கை கிரிம்ப் செய்தவர் ஜோடி ஜோடியாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார். 3-க்கும் 6-க்கும் ஒரே பச்சை ஜோடி போக வேண்டும், நடுவில் 4, 5 நீலம். அந்த முறுக்குதான் இரைச்சலைத் தடுக்கிறது. ஜோடி மாறினால் சின்ன டெஸ்டருக்குத் தெரியாது, ஜிகாபிட்டுக்குத் தெரியும்.

ஒயரின் முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். கேமராவுக்கு அந்தக் கேபிளிலேயே பவர் அனுப்பினால் தூரத்தில் வோல்ட்டேஜ் விழும்.

சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து நுழையும்) இணைப்பில் எம்டியூவைப் (ஒரே தடவையில் போகும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள், 1492 இருக்க வேண்டும். பாக்கெட்டைத் துண்டாக்காமல் அனுப்பும் பிங்கில் 1464 (மீதி 28 பைட் ஹெடருக்கு) போய் 1465 போகாமல் நின்றால் எம்டியூ சரியாக இருக்கிறது. போனில் தெரியும் வைஃபை பழைய லேப்டாப்பில் மட்டும் தெரியாவிட்டால் ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம், 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

பில்லிங் சாஃப்ட்வேர் சப்போர்ட், சிவகாசி

கடைகளில் இப்போது ஒரே புகார்: "புது லேப்டாப்பில் சர்வர் ஃபோல்டர் திறக்கவில்லை." விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டாம், கணக்கு வழக்கு முழுதும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. சர்வர் மெஷினில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, பாஸ்வேர்ட் வைத்து, ஷேரில் அந்த யூசருக்கு அனுமதி கொடுங்கள். மற்ற மெஷின்களில் கிரெடென்ஷியல் மேனேஜரில் அதைச் சேருங்கள். பாஸ்வேர்ட் காலியாக இருந்தால் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. பின் நம்பரும் இதற்குச் செல்லாது. இரண்டு மெஷினிலும் நெட்வொர்க் "பிரைவேட்" என்று இருக்க வேண்டும்.

ஷேர் செய்த பிரின்டரில் 0எக்ஸ்0000011பி வருவது 2021 செப்டம்பர் அப்டேட்களுக்குப் பிறகு தொடங்கியது. முதலில் இரண்டு மெஷினையும் முழுசாக அப்டேட் செய்யுங்கள். அப்படியும் நின்றால் கிளையன்ட்டில் டிரைவரைத் தனியாகப் போட்டு, பிரின்டர் சேர்க்கும்போது "லோக்கல் போர்ட்" தேர்ந்தெடுத்து, போர்ட் பெயராக சர்வர் பெயரையும் ஷேர் பெயரையும் கொடுங்கள். ஷேர் பெயரில் இடைவெளி இல்லாமல் சின்னதாக வையுங்கள்.

கல்லூரி லேப் பராமரிப்பு, தஞ்சாவூர்

மதுரை சாருக்கு ஒரு கேள்வி. விண்டோஸ் 11 முதல் செட்டப்பில் நெட் கேட்டு நிற்கும்போது வைஃபை டிரைவரும் இல்லை, லேன் போர்ட்டும் இல்லை என்றால் என்ன செய்கிறீர்கள்? நெட் இல்லாமலே செட்டப்பைத் தொடர விடும் பைபாஸ் என்ஆர்ஓ கமாண்ட் புதிய பதிப்புகளில் எப்போதும் கைகொடுப்பதில்லை.

நெட்வொர்க் வேலை, மதுரை

ஆண்ட்ராய்டு போன் போதும் சார். டேட்டா கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, லேன் மாதிரி தெரியும். போனில் வைஃபை ஆனில் இருந்தால் அந்த வைஃபையே போன் வழியாகப் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஆகும் கேபிள்களில் டெதரிங் பட்டன் மங்கலாகவே நிற்கும், வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப் வந்ததும் போனைக் கழற்றாமல் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓட்டினால், வைஃபை டிரைவரும் பெரும்பாலும் அதிலேயே இறங்கிவிடும்.